எந்த சீனியரிடம் சேர்வது? முதலில் குமாஸ்தாவைப் பாருங்கள்

சட்டக் கல்லூரி முடித்த பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, "அக்கா, எந்த சீனியர் வக்கீல்ட்ட ஜூனியரா சேரலாம்?" என்பதுதான். "அவர்ட்ட குமாஸ்தா யாரு, எத்தனை வருஷமா இருக்காரு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, பாளையங்கோட்டையில் நான்கு வருஷம் ஜூனியராக இருந்தவள் நான். அந்த அனுபவத்தில்தான் கேட்கிறேன்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுவோம். பட்டம் கைக்கு வந்ததும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125. அதற்கு மேல் வேறு பெயர் சொல்லி வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு, 100 கேள்விகள். குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டு போகலாம். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனால் புரட்டுவதிலேயே நேரம் போய்விடும். சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருஷத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்துவிட்டது. படித்து முடித்த கையோடு மகள் முன்சீப் (சிவில் நீதிபதி) ஆவாள் என்று காத்திருக்கும் அப்பாக்களிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, குமாஸ்தா கதைக்கு வருவோம்.

இரண்டாவது வருஷம், ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி பேங்கில் பணமாகாமல் திரும்பி வந்த செக்கோடு ஆபீசுக்கு வந்தார். சீனியர் என்னிடம் விட்டுவிட்டார். செக் கொடுத்தவருக்கு அனுப்பும் நோட்டீஸை மூன்று தடவை திருத்தி, தீர்ப்பெல்லாம் மேற்கோள் காட்டி எழுதினேன். தபாலில் சேர்க்கும்போது குமாஸ்தா அண்ணாச்சி, செக் திரும்பியதற்குப் பேங்க் கொடுத்த மெமோவை வாங்கிப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். பேங்கிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளைக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அன்று 34-வது நாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் செக்கின் தேதியைப் பார்த்தார். "செக்கு செல்லுற மூணு மாசம் இன்னும் முடியலைம்மா. திரும்பவும் பேங்குல போடச் சொல்லு, திரும்பி வந்தா புது நோட்டீஸ் விடு." அப்படியே செய்தோம். அது சட்டப்படி செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கிறது என்பதை நான் அப்புறம்தான் தேடிப் படித்தேன். அவர் படித்தது எட்டாம் வகுப்பு.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு டைரி. ஒன்றில் வாய்தா. இன்னொன்றில் கெடு தேதிகள் மட்டும்: எதிராளி நோட்டீஸை வாங்கிய நாள், அதிலிருந்து பணம் கட்ட 15 நாள், அது முடிந்து புகார் போட ஒரு மாதம். செல்போனில் குறித்துக்கொள்ளலாமே என்பார்கள். குறியுங்கள், ஆனால் கையாலும் எழுதுங்கள்.

நம்ம பக்கம் வருகிற வழக்கில் பெரும்பாலும் நிலம்தான். வாய்க்கால், வரப்பு, கிணற்றில் முறைத் தண்ணீர். கட்சிக்காரர் "தாத்தா சொத்து" என்பார். எந்தத் தாத்தா என்று கேட்டு முதலில் வம்சாவளி வரையுங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, அடங்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான். பெண்பிள்ளைகள் இருந்தால் தேதிகளை விடாமல் கேளுங்கள். 1989-இல் மாநிலச் சட்டம் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது, ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆனவளை விட்டுவிட்டது. 2005-இன் மத்தியத் திருத்தத்தில் அந்தப் பேதம் போயிற்று. அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் அதைத் தொட முடியாது. "அண்ணன்மாரு அப்பவே பிரிச்சிட்டாங்க" என்று ஒரு அக்கா சொன்னால், பத்திரமா வாய்வார்த்தையா என்று உடனே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் வழக்கே அந்தப் பதிலில்தான் நிற்கும்.

பணம் பற்றி ஒளிவுமறைவு வேண்டாம். ஜூனியருக்கு நகரத்தில் மாதம் 20,000, கிராமத்தில் 15,000 தரலாம் என்று 2024-இல் இந்திய பார் கவுன்சில் சொன்னது. அது பரிந்துரைதான். எனக்குக் கிடைத்தது பஸ் செலவும் மத்தியானச் சாப்பாடும். சேரும் நாளிலேயே எவ்வளவு தருவீர்கள் என்று கேளுங்கள். அதில் வெட்கம் எதற்கு?

கோர்ட் பத்தரைக்கு என்றால் பத்துக்கே போய்விடுங்கள். பட்டியலில் உங்கள் வழக்கு எத்தனையாவது என்று பாருங்கள். வழக்குக் காகிதக் கட்டைப் பிரித்து, வக்காலத்து உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் குமாஸ்தா டீ குடிக்கக் கிளம்புவார். நீங்களும் கூடவே போங்கள். காசை நீங்கள் கொடுங்கள்.