கடற்கரையில் தொலைந்த நகையை மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுவது எப்படி?

மணலில் மோதிரம் விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் குனிந்து மணலைக் கிளற ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரே அளவு எடுத்துப் பார்த்தால், 22 காரட் தங்கம் மணற்பருக்கையைவிட ஆறு மடங்குக்கும் மேல் கனம். கிளறக் கிளற மணல் மேலே வரும், மோதிரம் கீழே போகும். விழுந்ததாக நினைக்கும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, போனில் லொகேஷனைச் சேமித்துக்கொண்டு எல்லோரும் விலகி நிற்பதுதான் நல்லது. மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

முதலில் கேள்வி, அப்புறம் மெஷின்

நகை கிடைப்பதும் கிடைக்காததும் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிவிடுகிறது. விலை உயர்ந்த மெஷினோடு தப்பான இடத்தில் தேடுவதைவிட, சாதாரண மெஷினோடு சரியான இடத்தில் தேடுவது மேல்.

தொலைத்தவரிடம் அன்று எடுத்த போட்டோக்களைக் கேளுங்கள். நகை கடைசியாகத் தெரியும் படம் எது, அது இல்லாத முதல் படம் எது? இரண்டின் நேரத்தையும் பார்த்தால், இடையில் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்கே நினைவுக்கு வரும். படத்தின் பின்னணியில் ஒரு விளக்குக் கம்பமும் அதற்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மூலையும் தெரிகிறதா? அவை இரண்டும் படத்தில் உள்ளபடியே ஒரே நேர்க்கோட்டில் வரும் இடத்துக்கு நடந்து போய் நில்லுங்கள். படம் எடுத்தவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்திருப்பீர்கள்.

"தண்ணீரில்தான் விழுந்தது" என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். இருந்தாலும் துண்டை எங்கே உதறினீர்கள், குழந்தையை எங்கே தூக்கினீர்கள், காலில் ஒட்டிய மண்ணை எங்கே தட்டினீர்கள் என்று கேளுங்கள். ஈரத்தில் விரல் சுருங்கி மோதிரம் தளர்ந்திருக்கும். ஆனால் கழன்று விழுவது பெரும்பாலும் கையை வேகமாக உதறும்போதுதான். அது காய்ந்த மணலிலும் நடக்கும்.

எந்த மெஷின்?

காய்ந்த மணலுக்கு எந்த மெட்டல் டிடெக்டரும் ஓரளவு போதும். அலை வந்து போகும் ஈர மணலில்தான் சிக்கல். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒரே அலைவரிசையில் வேலை செய்யும் சாதாரண மெஷின் அங்கே சும்மாவே கத்திக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் வேலை செய்யும் மல்டி ஃபிரீக்வென்சி மெஷின்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மைன்லேப் ஈக்வினாக்ஸ், நோக்டா லெஜண்ட் எல்லாம் அந்த வகை. பல்ஸ் இண்டக்‌ஷன் என்ற, மின்துடிப்புகளை அனுப்பித் தேடும் வகை ஈர மணலிலும் கருமணலிலும் நன்றாக இறங்கித் தேடும். ஆனால் இரும்பா தங்கமா என்று பிரித்துச் சொல்வதில் அது மோசம். புதிதாகத் தொடங்குபவருக்கு மல்டி ஃபிரீக்வென்சிதான் என் சிபாரிசு.

கூடவே ஹெட்போன், குழிக்குள் விட்டுப் பார்க்கும் கையடக்க பின்பாயிண்டர், ஓட்டை போட்ட மண்வாரி, கயிறு, நான்கு குச்சிகள் வேண்டும்.

பழகிப் பாருங்கள்

தேடப் போகும் முன் ஒரு மோதிரத்தில் நீளமான நூலைக் கட்டி, நான்கு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே காயிலை, அதாவது மெஷினின் அடியில் உள்ள வட்டத் தட்டை, ஓட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். அப்புறம் அரைச் சாண், ஒரு சாண். ஆழம் கூடக் கூடச் சத்தம் மெலிவதைக் காது பழகிக்கொள்ளும். ஈர மணலிலும் இதையே செய்யுங்கள். தடித்த மோதிரம் ஒரு சாண் ஆழம் வரை கேட்கலாம்.

வெள்ளிக் கொலுசும் மெட்டியும் தெளிவாகக் கத்தும். மெல்லிய தங்கச் செயின்தான் கஷ்டம். மெஷினுக்கு அது ஒரே பொருளாகத் தெரியாது, துண்டு துண்டான குட்டி வளையங்களாகத்தான் தெரியும். பெரும்பாலும் கொக்கியோ டாலரோதான் காட்டிக்கொடுக்கும். செயினைத் தேடும்போது நடையை இன்னும் மெதுவாக்குங்கள்.

நேரம்

அலையோரத்தில் தேட வேண்டுமானால் கடல்நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் அன்றைய ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, நீர் முழுக்க வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்குங்கள். சென்னைப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களிலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனாலும் சரிவு குறைந்த கரையில் அதுவே நல்ல அகலத்துக்கு மணலைத் திறந்துவிடும்.

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். காதில் ஹெட்போனும் கண் தரையிலுமாக இருப்பவருக்குப் பெரிய அலை வருவது தெரியாது. நகை கடலுக்குள்தான் விழுந்தது என்றால், திருச்செந்தூர் போன்ற இடங்களில் சங்கும் சிப்பியும் எடுக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதே சரி.

கட்டம் போட்டுத் தேடுதல்

குச்சியை நடுவில் வைத்து, பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டுங்கள். காயிலைத் தரைக்கு இணையாக, மணலை உரசாத குறையாகப் பிடித்து, இடமும் வலமும் மெதுவாக வீசுங்கள். வீச்சின் இரு கடைசியிலும் காயில் மேலே தூக்காமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். வடக்கு தெற்காக ஒருமுறை முடித்துவிட்டு, அதே கட்டத்தைக் கிழக்கு மேற்காக இன்னொரு முறை. செங்குத்தாக நிற்கும் மோதிரம் ஒரு திசையில் ஏமாற்றும், இன்னொரு திசையில் பிடிபடும். கிடைக்கவில்லை என்றால் பக்கத்துக் கட்டம். மனம் போன போக்கில் அங்குமிங்கும் ஓடுவதுதான் நேரத்தைத் தின்னும்.

மெஷினின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் சென்சிடிவிட்டியை முழுக்க ஏற்ற வேண்டாம். மெஷின் அமைதியாகும் வரை குறையுங்கள். வேண்டாத உலோகங்களை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனைக் குறைவாகவே வையுங்கள். மெல்லிய தங்க மோதிரமும் சிகரெட் அட்டையின் ஈயத்தாளும் திரையில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். தாளை ஒதுக்கினால் தங்கமும் ஒதுங்கிவிடும். நம் கடற்கரைகளில் மீன்வலையின் ஈயக்குண்டும் இதேபோல் ஆசை காட்டும். எல்லாவற்றையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

சத்தம் வந்த இடத்தில் காயிலைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி மையத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து கொஞ்சம் தள்ளி மண்வாரியை இறக்குங்கள். அள்ளிய மணலைக் காயிலுக்கு வெளியே கொட்டிவிட்டுக் குழியை மறுபடி சோதியுங்கள். குழி அமைதியானால் பொருள் கொட்டிய குவியலில் இருக்கிறது. வந்த குப்பையைப் பையில் போட்டுக்கொண்டு குழியை உடனே மூடுங்கள்.

எங்கே தோண்டக் கூடாது

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பக்கம் மெஷினை எடுத்துப் போகவே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ஆமை ஏறி வந்த தடமோ, வேலி கட்டிய குழியோ தெரிந்தால் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போங்கள். மண்ணுக்கடியில் பழங்காலப் பொருள் அகப்பட்டால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தேடாத நகை கிடைத்தால்

யாருடையது என்று தெரியாத நகை கிடைத்தால் அருகில் உள்ள காவல் நிலையத்தில் ஒப்படைத்து, எழுத்தில் ரசீது வாங்குங்கள். கண்டெடுத்ததை உரியவரைத் தேடாமல் வைத்துக்கொள்வது குற்றம். யாராவது "என்னுடையது" என்று வந்தால் போட்டோவைக் காட்டாதீர்கள். உள்பக்கம் என்ன எழுத்து, எத்தனை கல், எங்கே நெளிசல் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அண்மையில் வாங்கிய நகையாக இருந்தால் ஹால்மார்க் முத்திரைக்குப் பக்கத்தில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு பொறித்திருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் முத்திரை வாங்கிய நகைக்கடை எது என்று தெரியும். அந்த விவரத்தையும் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு வாருங்கள்.