இலுப்பச்சட்டியில் இலுப்பை இல்லை

சமையல் குறிப்பு எழுதுவோரில் பலர், வாணலியை 'இலுப்பைச் சட்டி' என்று ஐகாரம் சேர்த்து எழுதுகிறார்கள். பேச்சில் 'இலுப்பச்சட்டி' என்று கேட்ட சொல்லை எழுத்தில் திருத்தமாகத் தரவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்யப்படும் மாற்றம் அது. பிழை நுழைவதும் அங்கேதான். ஒருமுறை பாத்திரக் கடை ஒன்றில் கனமான இரும்புச் சட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, இலுப்பை எண்ணெய் தடவிப் பழக்குவதால்தான் இதற்கு அந்தப் பெயர் வந்தது என்று கடைக்காரர் எனக்கு விளக்கினார். விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது உண்மைதான்; ஆனால் அதில் வீசியது நல்லெண்ணெயின் வாசம். துருப்பிடிக்காமல் இருக்க எந்தச் சமையல் எண்ணெயைத் தடவினாலும் போதும் என்பதால், இலுப்பைக்கு அங்கே தனி வேலை எதுவும் இல்லை.

இந்தச் சொல்லின் வேர் இரும்பு. இரும்பும் சட்டியும் சேரும்போது 'இருப்புச்சட்டி' ஆகும். இரும்பு, வேம்பு போன்ற மென்தொடர்க் குற்றியலுகரச் சொற்களில் சில, மற்றொரு சொல்லோடு வேற்றுமைப் பொருளில் சேரும்போது தம் மெல்லெழுத்தை (ம்) இனமான வல்லெழுத்தாக (ப்) மாற்றிக்கொள்ளும் என்று நன்னூல் கூறுகிறது. வேம்பின் இலையை நாம் 'வேம்பிலை' என்பதில்லை, வேப்பிலை என்கிறோம். கரும்பின் சாறு கருப்பஞ்சாறு. மருந்திலிருந்து வந்தது மருத்துவம். ரயில் நிலையங்களில் 'இருப்புப்பாதை காவல் நிலையம்' என்ற பலகையை நாள்தோறும் கடந்துசெல்பவர்கள்கூட, அதே இருப்புதான் தம் வீட்டு அடுப்பின் மேலும் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மாணிக்கவாசகர் தம் நெஞ்சின் கடினத்தை 'இருப்பு நெஞ்சம்' என்று சொன்னதும் இந்தப் பொருளிலேயே. இருப்புச்சட்டி நாவில் புழங்கிப் புழங்கி, ரகரம் லகரமாகி, உகரம் தேய்ந்து இலுப்பச்சட்டி ஆயிற்று. பந்தர் பந்தலாகவும் சாம்பர் சாம்பலாகவும் ஆன மொழியில் ரகரம் லகரமாவது புதுமையன்று. அங்கே சொல்லின் கடைசியில் நிகழ்ந்தது இங்கே நடுவில் நிகழ்ந்திருக்கிறது, அவ்வளவே. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். சொல்லின் வேர் மறந்துபோன இடத்திலும் இலுப்பையே வந்து உட்கார்ந்துகொண்டது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 'இருப்புச்சட்டி' என்று அச்சில் கண்டதும், கையிருப்பு, இருப்புநிலை ஆகியவற்றில் வரும் 'இருப்பு' என்று கொண்டு, எப்போதும் அடுப்பில் இருப்பதால் இருப்புச்சட்டி என்று விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது 'இரு' என்னும் வினையிலிருந்து பிறந்த வேறு சொல். கருப்பட்டியையும் இப்படித்தான் நிறத்தோடு முடிச்சுப் போடுகிறோம். கருப்புக்கட்டி என்னும் அதன் முழு வடிவில் இருப்பது கரும்பு. கரும்புச்சாற்றைக் காய்ச்சிய கட்டிக்கு இருந்த பெயர் பனைவெல்லத்துக்கும் வழங்கி, இன்று அதற்கே உரியதாகிவிட்டது.

இருப்புச்சட்டியின் உறவுச் சொற்களும் இத்தகைய கதைகளுக்குத் தப்பவில்லை. 'வடச்சட்டி' என்பது வடை சுடும் வடைச்சட்டியே. வடக்கிலிருந்து வந்த சட்டி என்று பொருள் சொல்வது வீண். சீனச்சட்டி என்று கன்னியாகுமரிப் பக்கத்திலும் கேரளத்திலும் வழங்குவது பீங்கான் பாத்திரமன்று, வறுக்கவும் பொரிக்கவும் உதவும் குழிந்த சட்டி. வாணலியை 'வானலி' என்று எழுதி அதில் வானத்தைத் தேடக்கூடாது; வாணல் என்ற வடிவம் தமிழிலேயே இருக்க, தெலுங்கின் பாணலியும் கன்னடத்தின் பாணலெயும் அதே ணகரத்தோடு அதற்குத் துணை நிற்கின்றன. இலங்கைத் தமிழரின் 'தாச்சி'யைச் சட்டி என்பதன் சிதைவாகக் கருதுவதும் பொருந்தாது. அதைப் போர்த்துக்கேயரின் 'தாச்சோ' என்னும் சொல்லோடு இணைப்பதே ஏற்புடையது.

கடாய் சற்றுச் சிக்கலானது. அது நேற்று வந்த இந்திச் சொல் என்று ஒரு சாரார் ஒதுக்க, தூய தமிழ் என்று இன்னொரு சாரார் கொண்டாடுகிறார்கள். இரண்டும் அவசர முடிவுகள். சமஸ்கிருதத்தில் கொப்பரையைக் குறித்த 'கடாஹ' என்ற சொல், கடாகம் என்ற வடிவில் தமிழுக்கு முன்பே வந்து, 'அண்டகடாகம்' (அண்டத்தின் ஓடு) போன்ற தொடர்களில் நிலைத்துவிட்டது. அதே சொல் இந்தியில் கடாஹி ஆகி, நம் சமையலறைக்குக் கடாயாக மறுபடியும் வந்தது. ஆகவே கடாய் புதிய வரவுதான் என்றாலும் அதன் குடும்பம் நமக்குப் பழக்கமானதே. இதோடு 'கடாரம் கொண்டான்' என்ற சோழப் பட்டத்தையும் சேர்த்துக் குழப்புவோர் உண்டு. கடாரம், கிடாரம் ஆகியவை பெரிய கொப்பரையின் பெயர்களாகவும் வழங்குவதால் எழும் குழப்பம் அது. முதலாம் இராஜேந்திரன் 1025-இல் படையனுப்பி வென்ற கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா பகுதி. ஊர்ப்பெயரும் பாத்திரப்பெயரும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்பதை மட்டும் வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று முடிவுகட்ட முடியாது.

ஒரு தவறு சொல்லில் இல்லை, சொல்லைத் திருத்துகிறவர்களிடம் இருக்கிறது. அலுமினியத்தாலும் எவர்சில்வராலும் செய்த சட்டியை இலுப்பச்சட்டி என்று யாரேனும் சொன்னால், அதில் இரும்பு ஏது என்று மடக்குவது சரியன்று. எள்ளின் நெய்க்கு உரிய 'எண்ணெய்' என்ற பெயரைத் தேங்காய்க்கும் கடலைக்கும் நாம் தாராளமாகத் தந்திருக்கிறோம். பெயர் உலோகத்தை விட்டு வடிவத்தைப் பற்றிக்கொள்வது அதே போன்ற இயல்பான நடையே. ஆனால் சமையல் குறிப்பில் மட்டும் கவனம் வேண்டும். புளிக்குழம்பை இரும்பில் கொதிக்கவைத்து அப்படியே விட்டுவைத்தால் நிறம் கறுத்து இரும்பு வாடை ஏறிவிடும் என்பதால், எந்த உலோகச் சட்டி என்று தனியாகக் குறிப்பிட்டுவிடுவது நல்லது. எழுத்தில் 'இருப்புச்சட்டி' என்றோ, பேச்சு வழக்கைக் காட்ட வேண்டிய இடத்தில் 'இலுப்பச்சட்டி' என்றோ எழுதலாம். 'இலுப்பைச் சட்டி' என்று மட்டும் எழுத வேண்டாம்.