யாழ்ப்பாணத்தில் ஹாம் வோக்கி: அனுமதிப்பத்திரம் முதல் கூரை அன்ரெனா வரை

ஹாம் என்பது பொழுதுபோக்காக, அனுமதி பெற்று வானலையில் பேசும் வானொலி. வோக்கி அதற்கான கைக்கருவி. பெட்டியில் 5 வோட்ஸ், 8 வோட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் பலர் வோக்கி வாங்குகிறார்கள். குடாநாட்டில் அந்த இலக்கத்தால் பெரிய பயனில்லை. இங்கே நிலம் தட்டை, ஏறி நிற்க ஒரு மலை கிடையாது. தூரத்தைத் தீர்மானிப்பது அன்ரெனா நிற்கும் உயரம்தான். அதனால் இந்த விளக்கத்தில் கருவிக்குக் கொஞ்ச இடமும் அன்ரெனாவுக்கு நிறைய இடமும் இருக்கும்.

படி 1: முதலில் பத்திரம்

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரம் இல்லாமல் அலைபரப்பும் கருவியை வைத்திருக்கவோ பயன்படுத்தவோ முடியாது. பரீட்சை வைப்பதும் பத்திரம் தருவதும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. பரீட்சைக்குப் படிக்க வழிகாட்ட ரேடியோ சொசைற்றி ஒஃப் ஸ்ரீலங்கா என்ற சங்கம் இருக்கிறது. மின்னியல் அடிப்படையும் சட்ட விதிகளும் தெரிந்தால் தொடக்க வகுப்புக்குப் பயப்படத் தேவையில்லை. சித்தியடைந்தால் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பிக்க நினைப்பவர்கள், வாங்கப் போகும் மாதிரிக்கு ஆணைக்குழுவின் அனுமதி உண்டா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டி வரும். ஒன்லைன் கடையில் விற்கிறார்கள் என்பதால் அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. வோக்கியை வெளியே கொண்டு போகும்போது பத்திரத்தின் பிரதியும் அடையாள அட்டையும் கூடவே இருக்கட்டும். அன்ரெனா நீட்டிக்கொண்டிருக்கும் கருவியைக் கண்டால் இந்த ஊரில் யாரும் கேள்வி கேட்பார்கள், அதில் பிழையுமில்லை.

பத்திரம் வரும்வரை காது பழக வேண்டுமென்றால் இணையத்தில் வெப்எஸ்டிஆர் நிலையங்கள் இருக்கின்றன. உலாவியிலேயே அலைவரிசையைத் திருப்பிக் கேட்கலாம்.

படி 2: எதை வாங்குவது

விலை குறைந்தது பாவ்ஃபெங் யூவி-5ஆர். கையில் காசு இருந்தால் யேசு எஃப்ரி-65. யேசுவின் ரிசீவர் பக்கத்து அலைவரிசைகளின் இரைச்சலை நன்றாகத் தாங்கும். கைத்தொலைபேசிக் கோபுரமும் ஒலிபரப்புக் கோபுரமும் கிட்ட இருக்கும் வீட்டில், கூரை அன்ரெனா போட்ட பிறகு அந்த வித்தியாசம் தெரியும். பழகுவதற்கு யூவி-5ஆர் போதும். கீழே வரும் மெனு இலக்கங்கள் எல்லாம் அதற்கானவை.

இந்த வோக்கியால் செய்ய முடியாதவை: பலாலி விமான நிலையப் பேச்சு இதில் கேட்காது. விமானங்கள் ஏஎம் முறையில் பேசுகின்றன, இது எஃப்எம் மட்டும். கடல் அழைப்பு அலைவரிசையான 156.8 மெகாஹேர்ட்ஸ் இதில் கேட்கும். பட்டனை அழுத்தினால் போகவும் செய்யும். ஆனால் அங்கே பேச உங்களுக்கு உரிமையில்லை. கருவி போகும் இடமெல்லாம் பத்திரம் போகாது. நீங்கள் நிற்க வேண்டியது 144 முதல் 146 மெகாஹேர்ட்ஸ் வரையிலான இரண்டு மீற்றர் பட்டையிலும், உங்கள் பத்திரத்தில் எழுதியிருக்கும் மற்றப் பட்டைகளிலும் மட்டும்.

படி 3: பெட்டியைத் திறந்ததும்

முதலில் அன்ரெனாவைக் கையால் இறுகும்வரை பூட்டுங்கள், குறடு வேண்டாம். அன்ரெனா இல்லாமல் பேசும் பட்டனை ஒருபோதும் அழுத்தக் கூடாது. வெளியே போக வழியில்லாத மின்சக்தி திரும்பி வந்து கடைசி டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும்.

பற்றரியை மாட்டி, வோக்கியை ஓஃப் செய்து, சார்ஜரில் வையுங்கள். சிவப்பு விளக்குப் பச்சையானால் முடிந்தது. முதல் தடவை 4 மணித்தியாலம் அளவு பிடிக்கும். சார்ஜரில் இருக்கும்போது பேசக் கூடாது. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் விட்டால் லித்தியம் பற்றரி ஒரு வருடத்திலேயே தளர்ந்துவிடும். நீண்ட நாள் எடுக்காமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

படி 4: மெனுவில் மாற்ற வேண்டியவை

மெனு பட்டன், இலக்கம், மீண்டும் மெனு, அம்புக்குறியால் தெரிவு, மீண்டும் மெனு, பிறகு எக்ஸிற். எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்கு.

0, ஸ்குவெல்ச் (யாரும் பேசாதபோது இரைச்சலை அடைக்கும் அளவு): 2 அல்லது 3. கூட வைத்தால் மெல்லிய குரல்கள் அடைபட்டுப் போகும்.

5, அகலம்: வைட். நரோவில் விட்டால் மற்றவரின் குரல் கரகரக்கும், உங்கள் குரல் அங்கே சன்னமாகக் கேட்கும்.

7, இரட்டைக் கவனிப்பு: ஓஃப். புதியவர்கள் அதிகம் இடறுவது இதில்தான். ஓனில் இருந்தால் வோக்கி மேல் வரியையும் கீழ் வரியையும் மாறி மாறிக் கேட்கும். கீழ் வரியில் ஒரு சத்தம் வந்த கையோடு நீங்கள் பட்டனை அழுத்தினால் பேச்சு அந்த வரியில் போய்விடும். மேல் வரியில் காத்திருப்பவருக்கு ஒன்றும் கேட்காது.

9, நேர எல்லை: 60 செக்கன். பட்டன் இறுகி நின்றாலும் ஒரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும்.

11, பெறும் தொனி (குரலோடு மறைவாக வரும் அடையாளத் தொனி): ஓஃப். இதில் ஏதாவது இலக்கம் இருந்தால் அதே தொனி அனுப்பாத எல்லோரும் ஊமையாகிவிடுவார்கள். "வோக்கி வேலை செய்யவில்லை" என்ற முறைப்பாட்டுக்கு அடிக்கடி இதுதான் காரணம்.

32, அலாரம்: சைற். பக்கத்திலுள்ள கோல் (CALL) பட்டனைத் தவறுதலாக அழுத்திப் பிடித்தால் சைரன் அலறும். சைற்றில் வைத்தால் அது உங்கள் கையோடு நிற்கும், அலையில் போகாது.

39, ரோஜர் ஒலி: ஓஃப். பேசி முடிக்கும் ஒவ்வொரு முறையும் கீச்சிடுவதை யாரும் விரும்புவதில்லை.

படி 5: சனலில் சேமித்தல்

திரைக்குப் பக்கத்தில் உள்ள செம்மஞ்சள் பட்டனை அழுத்தி அலைவரிசை நிலைக்கு வாருங்கள். அம்பு மேல் வரியில் நிற்க வேண்டும். 145.500ஐச் சேமிக்க 1, 4, 5, 5, 0, 0 என்று ஆறு இலக்கம். பிறகு மெனு, 27, மெனு, வெறுமையான சனல் இலக்கம், மெனு. ஏற்கெனவே நிரம்பிய சனலின் மேல் எழுத முடியாது. மெனு 28இல் அதை அழித்துவிட்டு வாருங்கள்.

ரிப்பீற்றர் என்பது உங்கள் பேச்சை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் நிலையம். அதற்கு இரண்டு தடவை சேமிக்க வேண்டும். முதலில் மெனு 13இல் ரிப்பீற்றர் கேட்கும் தொனியை வைத்து, நீங்கள் கேட்கும் அலைவரிசையைச் சேமியுங்கள். அடுத்து அனுப்பும் அலைவரிசையை அடித்து, அதே சனல் இலக்கத்தில் இன்னொரு முறை சேமியுங்கள். இரண்டு மீற்றரில் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹேர்ட்ஸ். இரண்டாவது முறையை மறந்தால் ரிப்பீற்றர் உங்களுக்குக் கேட்கும், நீங்கள் அதற்குக் கேட்கமாட்டீர்கள்.

பத்துச் சனலுக்கு மேல் என்றால், கணினியிலிருந்து சனல்களை எழுதும் சேர்ப் (CHIRP) என்ற இலவச மென்பொருளும் யூஎஸ்பி வயரும் எடுங்கள். வோக்கி பதில் தரவில்லை என்று கணினி சொன்னால் பத்தில் எட்டுத் தடவை பிளக் முழுதாக உள்ளே போயிருக்காது. கிளிக் என்று இறங்கும்வரை தள்ளுங்கள். அப்படியும் வராவிட்டால் வயருக்குள் இருப்பது போலிச் சிப். முதலில் வோக்கியிலிருந்து இறக்கி, அந்தக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி வைத்துவிட்டுத்தான் மாற்றங்களைத் தொடங்க வேண்டும்.

படி 6: பேசுதல்

ஒரு நிமிடம் கேளுங்கள். யாரும் இல்லையென்றால் "இந்த அலைவரிசை பாவனையில் உள்ளதா?" என்று அழைப்புக்குறியோடு கேளுங்கள். பட்டனை அழுத்தி அரைச் செக்கன் பொறுத்துப் பேச்சைத் தொடங்குங்கள். உடனே தொடங்கினால் முதல் எழுத்து வெட்டுப்படும். வாய்க்கும் மைக்குக்கும் இடையில் நான்கு விரல். கத்த வேண்டாம், கத்தினால் உடைந்துதான் கேட்கும். அழைப்புக்குறியை எழுத்து எழுத்தாக "ஃபோர் சியரா செவன்..." என்று உலக வழக்கப்படி சொல்லுங்கள். மற்றப் பேச்செல்லாம் தமிழில் இருக்கலாம். மற்றவர் முடித்ததும் இரண்டு செக்கன் இடைவெளி விடுங்கள், அவசரமாக யாரும் உள்ளே வர வேண்டியிருக்கலாம். வியாபாரம், பாட்டு, இரகசியக் குறியீடு மூன்றும் ஆகாது.

வோக்கியை நிமிர்த்திப் பிடியுங்கள். சரித்துப் பிடித்தாலும் இடுப்பில் செருகியபடி பேசினாலும் சிக்னல் நன்றாகவே குறையும்.

படி 7: எவ்வளவு தூரம்

அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அதன் தொடுவானம் கிலோமீற்றரில் வரும். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் அதுதான் எல்லை. கையில் 1.5 மீற்றர் உயரத்தில் பிடித்தால் 5 கிலோமீற்றர். ஆளுக்கு ஒரு வோக்கி என்றால் மொத்தம் 10, அதுவும் தீவுப் பக்கத்துக் கடல் வெளியில். நல்லூர் ஒழுங்கைகளுக்குள் மதிலும் மரமும் அதைப் பாதிக்குக் கீழே கொண்டுவரும். கூரையில் 10 மீற்றர் என்றால் 13 கிலோமீற்றர். இரண்டு வீட்டுக் கூரைகள் 26. யாழ் நகரிலிருந்து பருத்தித்துறை ஏறக்குறைய 30 கிலோமீற்றர், ஆகவே இரு பக்கமும் 12, 13 மீற்றர் உயர்த்தினால் கணக்குச் சரிவரும். 5 வோட்ஸை 8 ஆக்கினால் கூடுவது 2 டெசிபெல் மட்டும், காதுக்கே சரியாகத் தெரியாது.

காற்று அடங்கிய சூடான இரவுகளில் கடல் மேல் காற்றடுக்கு ஒரு குழாய்போல் அமையும். அப்போது பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள நிலையங்கள் கேட்கலாம். அதை நம்பி யாரோடும் நேரம் குறிக்க முடியாது.

படி 8: வால் வயர், பிறகு கூரை அன்ரெனா

மிக மலிவான முன்னேற்றம் 49 சென்ரிமீற்றர் வயர் ஒன்று. ஒரு நுனியை உரித்து வளையமாக்கி அன்ரெனாவின் அடியில், வெளி உலோக வளையத்தைத் தொடும்படி இறுக்குங்கள். மிச்சம் தொங்கட்டும். நடு ஊசியில் பட்டுவிடாமல் பாருங்கள். கட்டை அன்ரெனாவுக்கு இல்லாத மற்றப் பாதியை இந்த வால் கொடுக்கிறது.

கூரை அன்ரெனாவுக்குத் தேவையானவை: நான்கு துளையுள்ள எஸ்ஓ-239 சோக்கற் 1, 2 முதல் 3 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி 5 துண்டு, 3 மில்லிமீற்றர் போல்ற் நட் 4, ஆர்ஜி-58 கேபிள் 10 மீற்றர், பிஎல்-259 பிளக் 2, ஒன்றேகால் அங்குல பிவிசிக் குழாய், வோக்கிக்கான எஸ்எம்ஏ இணைப்புத் துண்டு வயர்.

இந்தக் கடைசிப் பொருளைக் கவனமாக வாங்குங்கள். பாவ்ஃபெங்கில் ஊசி வோக்கியின் பக்கம், வேறு சில வோக்கிகளில் அன்ரெனாவின் பக்கம். மாறி வாங்கினால் பூட்டாது. தடித்த கேபிளை நேரே வோக்கியில் பூட்டினாலும் அதன் பாரத்தில் சோக்கற் ஆடி உள்ளே ஒட்டு விடும், அதனால்தான் மெல்லிய துண்டு வயர்.

நிமிர்ந்து நிற்கும் கம்பியை 51 சென்ரிமீற்றர் வெட்டி சோக்கற்றின் நடுக்கிண்ணத்தில் ஈயம் ஒட்டுங்கள். பித்தளையை முதலில் அரத்தால் சுரண்டிப் பளபளப்பாக்கினால்தான் ஈயம் பிடிக்கும். மற்ற நான்கையும் 52 சென்ரிமீற்றரில் வெட்டி, நுனியில் வளையம் போட்டு, நான்கு துளையிலும் இறுக்கி, 45 பாகை கீழ்நோக்கி வளையுங்கள். நேர்க்கிடையாக விட்டால் தடை, வோக்கி எதிர்பார்க்கும் 50 ஓமுக்குக் கீழே போய்விடும்.

அன்ரெனாவிலிருந்து எவ்வளவு மின்சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் விஎச்எஃப் எஸ்டபிள்யூஆர் மீற்றரோ நனோவிஎன்ஏயோ இரவல் வாங்கி அளந்து பாருங்கள். மிகக் குறைந்த வாசிப்பு 145 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே விழுந்தால் நடுக்கம்பி நீளம் என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் 3 மில்லிமீற்றர் மட்டும் வெட்டுங்கள். ஒரு சென்ரிமீற்றர் ஏறக்குறைய 3 மெகாஹேர்ட்ஸ் நகர்த்தும், 49 அளவில் சரியாக வந்து நிற்கும். 145இல் எஸ்டபிள்யூஆர் வாசிப்பு 1.5க்குக் கீழே போனால் வெட்டுவதை நிறுத்துங்கள்.

10 மீற்றர் ஆர்ஜி-58 ஏறக்குறைய 2 டெசிபெல் தின்னும். 5 வோட்ஸ் மேலே போய்ச் சேரும்போது 3 வோட்ஸ். உயரம் தரும் இலாபம் அதைவிடப் பல மடங்கு. ஆனால் மீதிக் கேபிளைச் சுருட்டி வைக்காமல் வெட்டிவிடுங்கள்.

உப்புக் காற்றுத்தான் இங்கே முதல் எதிரி. பிளக்கைச் சுற்றி தானாக ஒட்டும் இறப்பர் ரேப்பை இழுத்துச் சுற்றி, மேலே சாதாரண ரேப் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மாரி முடிந்ததும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். செம்புப் பின்னல் கறுத்திருந்தால் அந்த நுனியை வெட்டி எறிய வேண்டியதுதான்.

குழாய் சரிந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நடுங்கள். பனையில் ஏற்றலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும், இடியும் முதலில் பனையைத்தான் தேடும். இடி முழக்கம் கேட்கும் முன்பே, ஐப்பசியில் வானம் கறுக்கும்போதே, கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

படி 9: விண்வெளி நிலையத்தைக் கேட்டல்

ஊரில் பேச ஆள் இல்லாத நேரத்துக்கு இது நல்ல பயிற்சி. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும்போது உயரப் பிரச்சினையே இல்லை. கடந்து போகும் நேரத்தை இணையத்தில் எடுத்து, 40 பாகைக்கு மேலே ஏறும் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். 145.825இல் தரவு, 145.800இல் குரல், 437.800இல் ரிப்பீற்றர். மூன்றையும் எப்போதும் எதிர்பார்க்க வேண்டாம், எது இயங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

437இல் டொப்ளர் விளைவால், அதாவது நிலையம் நெருங்கி விலகும் வேகத்தால், அலைவரிசை நகரும். 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து சனல் அடுத்தடுத்துச் சேமித்து, நிலையம் நெருங்கும்போது மேலேயிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறங்குங்கள். 145இல் நகர்வு மூன்றரைக் கிலோஹேர்ட்ஸ் அளவுதான், ஒரே சனல் போதும். ஸ்குவெல்ச்சை 0 ஆக்கிவிட்டு வெளியே நின்று, அன்ரெனாவின் நுனியை நிலையத்துக்கு நேரே நீட்டாமல் குறுக்காகச் சரித்துத் திருப்பிப் பாருங்கள். நுனிப் பக்கம்தான் அன்ரெனா மிகக் குறைவாகக் கேட்கும் திசை. தரவுச் சத்தம் கிர்ரென்று அரைச் செக்கன் வெடித்து அடங்கும். வோக்கியைக் கைத்தொலைபேசியின் மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தால், தரவைப் பிரிக்கும் மென்பொருள் அதை எழுத்தாகக் காட்டும். இரைச்சல் குறைந்தும் எழுத்து வராவிட்டால் வோக்கியின் சத்தத்தைக் குறையுங்கள், மைக் நிரம்பி வழிந்தால் மென்பொருளால் பிரித்தெடுக்க முடியாது.