டாக்டர் கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் மூட்டுவலி இல்லாத வீட்டைக் காட்டு என்றால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். கேட்டால் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றே ஒன்று: "டாக்டர் பார்க்கவே மாட்டேங்கிறார், பனடோ மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்." நானும் நாலு வருஷம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். எனக்கு இரண்டு கையிலும் முடக்குவாதம், அதாவது மூட்டுகள் அழற்சியால் வீங்கி விறைக்கிற நோய் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). அந்த நாலு வருஷத் தவறில் டாக்டர்கள் பங்கு உண்டு, என் பங்கும் உண்டு. அவர்கள் பங்கை நான் திருத்த முடியாது, அதனால் என் பங்கை மட்டும் எழுதுகிறேன்.

கிளினிக் நாள் என்றால் நாம் என்ன செய்கிறோம்? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குளித்து, பொட்டு வைத்து, இஸ்திரி போட்ட பஞ்சாபி உடையை மாட்டிக்கொண்டு, வரிசையில் உட்கார முடியாதே என்று வலி மாத்திரை இரண்டையும் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். டாக்டர் முன்னால் உட்காரும்போது மணி பத்தரை. காலை விறைப்பு போயிருக்கும், மாத்திரையும் வேலை செய்துகொண்டிருக்கும். "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி?" "பரவாயில்லை டாக்டர்." நாம் மரியாதைக்குச் சொன்னது அவருக்கு மருத்துவத் தகவல். ஒருமுறை என் ஃபைலை எட்டிப் பார்த்தேன், வலி கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதியிருந்தது. அன்றைக்குக் காலையில் என் ரவிக்கை ஊக்கை மாட்டிவிட்டது என் மருமகள். அதை நான் டாக்டரிடம் சொல்லவே இல்லை, வெட்கம்.

ஊக்கு விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். "ரொம்ப வலி டாக்டர்" என்பதை அவர் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்கிறார். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எல்லோரும் பத்து என்கிறோம், அதுவும் உதவாது. ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை, சாவியைத் திருப்ப இரண்டு கை வேண்டியிருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் விழிப்பு வருகிறது, டாக்ஸியிலிருந்து இறங்க ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது: இப்படிச் சொல்லுங்கள். விறைப்பு எத்தனை நிமிடம் என்பதையும் கடிகாரம் பார்த்துச் சொல்லுங்கள். காலையில் எழுந்து ஒரு மணி நேரம் கை மடங்கவில்லை என்றால் டாக்டருக்கு முடக்குவாதம் ஞாபகம் வரும். அரை மணிக்குள் விட்டுப்போய், நடந்தால் வலித்து உட்கார்ந்தால் குறைகிறது என்றால் மூட்டுத் தேய்மானம் என்று யோசிப்பார். இரண்டுக்கும் வைத்தியமே வேறு. எனக்கு ஒன்றரை மணி நேரம் விறைப்பு இருந்தது, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, நாலு வருஷம் தேய்மானத்துக்கு மருந்து சாப்பிட்டேன்.

அப்புறம், கூட வருகிறவர்கள். பேத்தியை அழைத்துப் போனால் டாக்டர் ஆயாவைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் பேத்தியே பதில் சொல்கிறாள். பாவம், அவளுக்குத் தெரிந்தது பகல் நேரத்து ஆயா மட்டும்தானே. இங்கிலீஷ் போதவில்லை என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. தமிழ் பேசும் டாக்டர் கிடைப்பார் என்று சொல்லவில்லை. "மெதுவா சொல்லுங்க, எழுதிக் கொடுங்க" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது என்கிறேன், அவ்வளவுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் முகம் மாறும். படித்து முடித்த டாக்டர்கள் ஒரு வருஷம் கட்டாய சமூகச் சேவைக்கு வருகிறார்கள், வருஷம் முடிந்தால் போய்விடுகிறார்கள். உங்கள் கதையை அவர் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு சின்ன நோட்டு வாங்கி, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். புது டாக்டர் முதலில் அதைத்தான் வாங்கிப் பார்க்கிறார்.

இனி மறைக்கிற கதைக்கு வருவோம். கிராண்ட்பா என்கிற வலி பவுடர் சாப்பிடுவதை யாரும் மருந்தென்று கணக்கில் சேர்ப்பதில்லை, டீயோடு போகிற பவுடர்தானே என்று. அதில் ஆஸ்பிரின் இருக்கிறது, பாராசிட்டமால் இருக்கிறது, கேஃபீனும் இருக்கிறது. கெமிஸ்ட்டில் வாங்கும் கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் உண்டு. அதற்கு மேல் பனடோ, அதுவும் பாராசிட்டமால்தான். பாராசிட்டமாலுக்குப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் எல்லை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. ஈரலில் கோளாறு இருந்தாலோ உடம்பு மெலிந்திருந்தாலோ அதைவிடக் குறைவு. மூன்று பெயரில் மூன்று டப்பா வைத்திருப்பவர்கள் இந்த எல்லையை எப்போது தாண்டினோம் என்றே தெரியாமல் தாண்டுகிறார்கள். நம்மில் பாதிப் பேருக்கு சர்க்கரையும் பிரஷரும் வேறு. பிரஷர் மாத்திரை சிலவற்றோடும் நீர் மாத்திரையோடும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. டாக்டர் திட்டுவார் என்று மறைத்தால், அவர் எழுதுகிற புது மருந்து எதன் மேல் போய் விழுகிறது என்று அவருக்கே தெரியாது. ஊரிலிருந்து வந்தவர் கொடுத்த பெயரில்லாத சூரணத்தையும் காட்டுங்கள். மூட்டுவலிக்கென்று விற்ற மூலிகை மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. "ரெண்டே நாள்ல வலி போயிருச்சு" என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது.

விரதமும் சொல்ல வேண்டிய விஷயம். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிறோம், வெறும் வயிற்றில் அந்த இபுப்ரோஃபென் வகை மாத்திரை விழுந்தால் வயிற்றுப்புண். மாத்திரையை நிறுத்திவிட்டாலோ வலியோடு காவடி தூக்க வேண்டும். ஒரு மாதம் முன்னாலேயே தேதியைச் சொல்லிக் கேளுங்கள், நேரத்தை மாற்றுவார், அல்லது தடவுகிற ஜெல் தருவார். முழங்கால், கை மூட்டுக்கு அந்த ஜெல் லேசுப்பட்ட மருந்தில்லை, தேய்மானத்துக்கு முதலில் எழுதுவதே அதைத்தான்.

உள்ளே நுழைந்ததும் "எனக்கு ட்ராமடால் எழுதுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். அது அபின் வகை வலி மருந்து. இங்கே மருந்துகளைக் கட்டுப்பாட்டின் கடுமைப்படி அட்டவணை போட்டிருக்கிறார்கள், அதில் அது 5ஆம் அட்டவணை, மார்ஃபின் 6ஆம் அட்டவணை, பெயர் சொல்லிக் கேட்டதுமே டாக்டர் உஷாராகிவிடுவார், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் வலியையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். பலமான மருந்துதான் பலமாகக் கேட்கும் என்பதும் சரியில்லை. 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகு, இடுப்பு, முழங்கால் வலியுள்ள 240 பேரை ஒரு வருஷம் பார்த்தார்கள். அபின் வகை மருந்து எடுத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக நடமாடவில்லை, வலியும் குறைவாக இல்லை. அதற்காக அந்த மருந்து யாருக்குமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. "இது கேட்கவில்லை, வேறு என்ன வழி இருக்கு?" என்று கேட்டால் கதவு திறக்கும். மூட்டு ஊசி, பிசியோதெரபி, மணிக்கட்டுக்குப் பட்டை எல்லாம் எனக்கு அந்தக் கேள்விக்குப் பிறகு வந்தவை.

முடக்குவாதக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வலி மாத்திரை நோயை நிறுத்தாது. நோயை அடக்குகிற மருந்து மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை, பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், மூன்றாம் வாரத்தில் "ஒண்ணும் கேட்கலை" என்று விட்டுவிடுகிறோம். அது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மருந்து. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் கிழமையை டப்பா மேல் பெரிதாக எழுதுங்கள். பிரெட்னிசோன் என்கிற ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் நினைத்த நாளில் நிறுத்தக்கூடாது, சர்க்கரையையும் கவனிக்க வேண்டும்.

மெடிக்கல் எய்ட் என்கிற தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருப்பவர்கள் பணத்தையும் கோட்டை விடுகிறார்கள். முடக்குவாதம் நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது, பதிவு செய்தால் அதற்கான மருந்தைத் திட்டம் கொடுத்தாக வேண்டும். மூட்டுத் தேய்மானம் அந்தப் பட்டியலில் இல்லை. டாக்டர் படிவத்தில் சரியான நோய்க் குறியீடு எழுதாவிட்டால் எல்லாம் அந்தத் திட்டத்தில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகும், மார்ச் வருவதற்குள் அது காலி.

போன வருஷம் எழுந்து வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "டாக்டர், இது எப்போ கேட்கணும், கேட்காட்டி நான் என்ன பண்ணணும்?" அந்த டாக்டர் பையன் கொஞ்சம் யோசித்து, என் நோட்டிலேயே எழுதிக் கொடுத்தான்: எட்டு வாரம், விறைப்பு ஒரு மணிக்கு மேல் இருந்தால் திரும்ப வரவும், மூட்டு நிபுணருக்குக் கடிதம். எட்டாவது வாரமும் விறைப்பு குறையவில்லை. நோட்டைக் கொண்டுபோய்ச் சிஸ்டரிடம் காட்டினேன், அன்றே கடிதம் எழுதினார்கள்.