சொல்லைக் கையால் முறிக்காதீர்கள்: இணையப்பக்கத் தமிழில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அடித்துக்கொடுத்து வந்த எங்கள் டி.டி.பி. கடைக்கு இப்போது இணையப்பக்கம் அமைக்கும் வேலையும் வருகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், நான் செய்து பட்ட தவறுகளையே ஒன்றுவிடாமல் செய்வதைப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். எழுத்தைப் பொடியாக வைப்பது, மஞ்சள்மேல் வெள்ளையில் எழுதுவது போன்றவை எவர் கண்ணிலும் படும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

வரி முடிவில் சொல்லை முறிப்பது

பத்தியின் இரு ஓரங்களும் நூல் பிடித்ததுபோல் நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். தமிழில் விகுதியும் உருபும் ஒட்டிச் சொல் நீள்வதால், 'அனுப்பிவைக்கப்பட்டிருந்ததாகவும்' போன்ற ஒன்று இடம் கொள்ளாமல் கீழே இறங்கிவிட்டால், மேல்வரியில் மிஞ்சிய சொற்களுக்கிடையே வாய்க்கால் வெட்டியதுபோல் இடைவெளி விழும். அதை மறைக்க, அச்சுப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் சொல்லின் நடுவே என்டர் தட்டிப் பாதியை மேலேயும் பாதியைக் கீழேயும் நிறுத்துவோம். தமிழ் அச்சில் முறித்த இடத்தில் கோடு போடுவது பெரும்பாலும் வழக்கமில்லை. படிப்பவர் தாமே சேர்த்துப் படித்துக்கொள்வார். தாளின் அகலம் மாறாது என்பதால் அங்கே அது குற்றமுமில்லை.

மன்னார்குடிப் பக்கம் பாரம்பரிய நெல்விதை விற்கும் பெரியவர் ஒருவருக்காக, அச்சுக்கு அடித்த பட்டியலை அப்படியே எடுத்து நான் இணையப்பக்கமாக்கினேன். சொல்லின் நடுவே தட்டிய என்டரை உலாவி ஓர் இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும் என்பதை அன்று நான் அறியவில்லை. முறிந்த சொல்லைச் சேர்த்தே படித்துப் பழகிய என் கண்ணுக்கும் பிழை தெரியவில்லை. வாங்க வந்தவர்களின் கைபேசியிலோ 'மாப்பிள் ளைச் சம்பா' என்றும் 'கருங்குறு வை' என்றும் வரியின் நடுவிலேயே சொற்கள் பிளந்து கிடந்தன. பக்கத்தில் 'மாப்பிள்ளை' என்று தேடியவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. சம்பாவுக்கு விதை தேடும் ஆவணி மாதத்தில், தம்மிடம் அந்த விதையே இல்லையென்று ஆட்கள் வேறிடம் போய்விட்டதாகப் பெரியவர் தொலைபேசியில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. இரண்டு இரவுகள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தேன். கூலி கேட்க முகமில்லை.

இவ்வளவையும் சொல்லிக்கொடுத்த பிறகும், சென்ற வாரம் ஒரு பிள்ளை தன் திரையில் வலது ஓரம் நேராக வரும்வரை ஸ்பேஸ் தட்டிக்கொண்டிருந்தான். எனக்கு இன்னமும் ஆறாத எரிச்சல் இதுதான். திரையின் அகலத்தைத் தீர்மானிப்பவர் படிப்பவரே. நம் என்டர் அங்கே செல்லாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருளும் பிளந்த சொல்லைப் பிளந்தபடியே ஒலிக்கும்.

இடப்பக்கம் மட்டும் ஒட்டி, வலது ஓரத்தை அதன் போக்கில் விடுங்கள். இணையப்பக்கத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வகைசெய்ய 2008இல் வெளியான இணைய அணுகல் நெறிமுறையின் (WCAG 2.0) உச்ச நிலையும் இருபுறச் சீரமைப்பு வேண்டாம் என்றே சொல்கிறது. மிக நீண்ட சொல்லை முறித்தே ஆகவேண்டுமானால் சாஃப்ட் ஹைபன் என்னும் மறைகோட்டை இடுங்கள்; சொல் வரி முடிவில் முறியும்போது மட்டுமே அது கண்ணுக்குத் தெரியும்.

நெருக்கமான வரிகள்

ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தைத் தமிழுக்கு வைத்தால், மேல்வரியின் 'மூ', 'ழூ' ஆகியவற்றின் சுழி கீழ்வரியின் புள்ளியிலும் 'கீ'யின் கொக்கியிலும் போய் இடிக்கும். எழுத்தளவைப்போல் 1.6 மடங்கு நான் வைக்கிறேன், 1.5க்குக் கீழே இறங்குவதில்லை.

சாம்பல் எழுத்து

வெள்ளைமேல் #999 என்ற வெளிர்சாம்பல் நிறம் நாகரிகமாகத் தோன்றும்; ஆனால் எழுத்தும் பின்னணியும் எவ்வளவு வேறுபட்டுத் தெரிகின்றன என்று காட்டும் மாறுபாட்டு விகிதம் அதற்கு 3ஐக்கூட எட்டாது, நெறிமுறை கேட்பதோ 4.5. ஏசி அறையில் அல்ல, களத்துமேட்டு வெயிலில் கைபேசியைப் பிடித்துப் பார்த்து நிறத்தை முடிவு செய்யுங்கள்.

நோட்டீஸைப் படமாக ஏற்றுவது

பெரிதாக்கினால் மங்கும், தேடினால் கிடைக்காது.

பாமினி

இது யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு. இதில் அடித்ததை, எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறியும் யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றாதீர்கள்.