மகள் கிளப் சாக்கர் ஆடுகிறாள், கல்லூரிக்கு உதவித்தொகை கிடைக்குமா? அமெரிக்காவில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

போன வருடம் சங்கத்துச் சித்திரை விழாவில், சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் கேட்டார்: "உங்க பொண்ணு சாக்கர் ஆடுறாளாமே சார், அப்போ காலேஜ் ஃப்ரீதானே?" அவர் மகளுக்கு ஒன்பது வயது, அந்த வாரம்தான் ஒரு கிளப்பில் டிரைஅவுட் முடிந்து இடம் கிடைத்திருந்தது. வரிசை நகர்வதற்குள் சொல்லி முடிக்கிற சமாச்சாரமா இது? "அப்புறம் பேசலாம் சார்" என்று சிரித்துவிட்டு வடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நாங்கள் இருப்பது வட கரோலினாவில், மகள் எட்டு வருடம் கிளப்பில் ஆடினாள், இந்த ஓட்டத்தை முழுக்க ஓடிப் பார்த்தாயிற்று.

படி 1: முதலில் கணக்குப் போடுங்கள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சாக்கர் ஆடுகிறார்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்று தட்டுகளில் மேல்தட்டான டிவிஷன் 1-இல் சுமார் 350 பெண்கள் அணிகள். ஒரு அணிக்கு 28 பேர் என்று வைத்தால், நான்கு வருட மாணவிகளும் சேர்ந்தே பத்தாயிரம் பேர்தான் வருகிறது. அப்படியானால் ஒரு வருடத்துக்குப் புதிதாக 2,500 இடம், அதிலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்கள் போக மீதிதான் நம் பிள்ளைகளுக்கு.

இடம் கிடைத்தால் முழுப் பணமும் கிடைக்குமா என்றால், அதுதான் இல்லை. 2024-25 வரை இருந்த விதிப்படி டிவிஷன் 1 பெண்கள் சாக்கர் அணிக்கு அதிகபட்சம் 14 முழு உதவித்தொகை. அதை கோச் தன் விருப்பப்படி பிரித்துக் கொடுக்கலாம். 14 பானைப் பொங்கலை 28 இலைக்குப் பரிமாறுகிற மாதிரிதான், ஆனால் பந்தி நியாயம் எதுவும் கிடையாது. கோல் போடுகிற பெண்ணுக்கு முழுப் பானை போகும், மூன்றாவது கோல்கீப்பருக்குப் புத்தகக் காசு மட்டும் வரும், சிலருக்கு வெறும் இலைதான். அதே காலத்தில் வாலிபால், கூடைப்பந்துப் பெண்களுக்குக் கொடுத்தால் முழுசாகத்தான் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. சாக்கருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்த அளவுக்காவது இருப்பது 1972-இல் வந்த டைட்டில் 9 சட்டத்தால்தான். படிப்பு நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்கிற சட்டம் அது. அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு மட்டும் பெரிய கல்லூரிகள் 85 பையன்களுக்கு உதவித்தொகை கொடுத்துவந்தன, அதைச் சமன்செய்யப் பெண்கள் அணிகள் தேவைப்பட்டன. ஆண்கள் சாக்கருக்கு 9.9, பெண்களுக்கு 14 என்று இருந்ததன் ரகசியம் இதுதான். (நான் ஊரில் ஃபுட்பால் என்று சொல்லி வளர்ந்தவன், இங்கே அந்தப் பெயரை ஹெல்மெட்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.)

கல்லூரி வீரர்கள் பணம் கேட்டு என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு விதி மாறிவிட்டது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 14 என்கிற வரம்பு இல்லை, அதற்குப் பதில் அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. காகிதத்தில் பார்த்தால் 28 பேருக்கும் முழுசாகக் கொடுக்கலாம். நிஜத்தில், அதே சமரசத்தின்படி கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றும் ஆனது, அதில் பெரும்பங்கு ஹெல்மெட்காரர்களுக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது, சாக்கருக்கு மிஞ்சுவது அந்தந்தக் கல்லூரியின் மனசைப் பொறுத்தது. ஆகவே எந்தக் கல்லூரியாக இருந்தாலும் கோச்சிடம் இரண்டு கேள்வி: சமரசத்தில் சேர்ந்திருக்கிறீர்களா, சாக்கருக்கு உண்மையில் எத்தனை உதவித்தொகைக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்?

இப்போது கணக்கின் மறுபக்கம். எங்கள் வீட்டில் கடைசி நான்கு வருடம் கிளப் கட்டணம், சீருடை, விமானம், ஓட்டல் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எட்டாயிரம் டாலரைத் தொட்டது. போட்டி நடத்துகிறவர்கள் கொடுக்கும் பட்டியலில் உள்ள ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்று வேறு சொல்வார்கள், பக்கத்து ஓட்டல் பாதி விலையில் கண் எதிரே நிற்கும். உதவித்தொகைக்கான முதலீடு என்று நினைத்து இந்தக் காசைப் போடாதீர்கள், அதே பணம் கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் பெரும்பாலும் அதுவே அதிகம் தரும். பிள்ளைக்கு ஆட்டம் பிடித்திருக்கிறது, அதற்காகச் செலவழிக்கிறோம் என்றால் சரி.

படி 2: டிவிஷன் 1 மட்டும் உலகமில்லை

டிவிஷன் 2-இல் ஒரு பெண்கள் அணிக்கு 9.9 முழு உதவித்தொகை வரை, அதுவும் பிரித்துத்தான். என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பில் உள்ள சிறிய கல்லூரிகளில் 12 வரை. டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று ஒரு பைசா கிடையாது. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1-இல் ஆடினாலும் அங்கேயும் கிடையாது.

டிவிஷன் 3 என்றதும் உதட்டைப் பிதுக்காதீர்கள். எம்.ஐ.டி., சிகாகோ பல்கலைக்கழகம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, கார்னகி மெலன் எல்லாம் டிவிஷன் 3-இல்தான் சாக்கர் ஆடுகின்றன. பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள் என்று தெரியும். இங்கே சாக்கர் பணமாக வராது, பல இடங்களில் சேர்க்கையின்போது கோச்சின் ஆதரவாக வரும். பணம் என்பது குடும்ப வருமானத்தைப் பார்த்தோ, சில கல்லூரிகளில் மதிப்பெண்ணைப் பார்த்தோ கொடுப்பது. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் உங்கள் குடும்பத்துக்கு நிகரச் செலவு எவ்வளவு ஆகும் என்று காட்டும் ஒரு கால்குலேட்டர் இருக்கும், சட்டப்படி வைத்தே ஆக வேண்டும். பட்டியலில் ஒரு கல்லூரியைச் சேர்ப்பதற்கு முன் பத்து நிமிடம் அதில் உட்காருங்கள். டிவிஷன் 1-இல் கிடைக்கும் கால் பங்கு உதவித்தொகையைவிட, படிப்புக்காக வேறு ஒரு கல்லூரி தருவது பெரிதாக இருந்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எங்கள் வீடும் அதில் ஒன்று.

படி 3: கிளப்பையும் லீக்கையும் புரிந்துகொள்ளுங்கள்

கல்லூரி கோச்கள் அதிகம் கூடும் இடம் பள்ளி ஆட்டம் இல்லை, கிளப் ஆட்டம். பெண்களுக்கு மேல்தட்டில் இருக்கும் கிளப் லீக்குகள் 2009-இல் தொடங்கிய இ.சி.என்.எல்., 2020-இல் தொடங்கிய கேர்ள்ஸ் அகாடமி. அதற்குக் கீழே பல அடுக்குகள். ஒன்பது வயதில் இந்தப் பெயர்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, பதின்மூன்று பதினான்கில் பார்த்துக்கொள்ளலாம். பெரிய லீக் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட ஒரு படி கீழே முழு ஆட்டமும் ஆடுவது மேல் என்பது என் அபிப்பிராயம். பெஞ்சில் இருப்பவளை எந்தக் கோச்சும் பார்க்க முடியாது.

ஒரு மாற்றத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுவரை வயதுப் பிரிவு ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்த வருடத்தை வைத்து இருந்தது, 2026-27 பருவத்திலிருந்து ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று மாறுகிறது. செப்டம்பர், அக்டோபரில் பிறந்த பிள்ளைகள் இதுவரை தங்களைவிட ஒரு வகுப்பு மேலே படிப்பவர்களோடு ஆடிவந்தார்கள், கோச் பார்க்க வருகிற வருடத்தில் அவர்கள் மட்டும் சின்ன வகுப்பில் இருப்பார்கள். இனி பெரும்பாலும் சொந்த வகுப்புத் தோழிகளோடே ஆடலாம்.

படி 4: படிப்பு

டிவிஷன் 1-க்கு 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்), டிவிஷன் 2-க்கு 2.2. டிவிஷன் 1 என்றால் அந்தப் பதினாறில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தின் தளத்தில் ஒன்பதாம் வகுப்பிலேயே இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி, பள்ளிப் பாடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2.3 என்பது வாசலுக்குள் நுழைய மட்டும்தான், எங்களிடம் பேசிய கோச்கள் எல்லோரும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஜி.பி.ஏ.வைக் கேட்டார்கள். நல்ல மதிப்பெண் இருந்தால் கல்லூரியே ஒரு தொகை கொடுத்துவிடும், கோச்சின் பையிலிருந்து போவது மிச்சம்.

படி 5: மின்னஞ்சலை மகளே எழுத வேண்டும்

பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் சொதப்புகிறோம். கல்லூரி கோச்சுக்கு முதல் மின்னஞ்சலை நான்தான் எழுதினேன், தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்கிற ரகத்தில், இரண்டு பக்கத்துக்கு. மகள் படித்துப் பார்த்துவிட்டு "அப்பா, இது லோன் அப்ளிகேஷன் மாதிரி இருக்கு" என்றாள். அதோடு நான் விலகிக்கொண்டேன்.

அவள் எழுதியது இப்படி இருந்தது. தலைப்பு வரியிலேயே பள்ளி முடிக்கும் வருடம், ஆடும் இடம், கிளப் பெயர், ஜெர்சி எண். உள்ளே முதல் வரியில் அந்தக் கல்லூரியின் ஒரு ஆட்டத்தைப் பார்த்ததில் கவனித்த ஒரு விஷயம், அதாவது உங்கள் வலது பேக் (வலது ஓரத் தற்காப்பு ஆட்டக்காரர்) எப்போதும் உள்பக்கமாக ஏறி வருகிறார், என் கோச்சும் என்னை அப்படித்தான் ஆடச் சொல்கிறார் என்பது போல. அப்புறம் ஜி.பி.ஏ., என்ன படிக்க விருப்பம், வீடியோ இணைப்பு, அடுத்த போட்டியின் நாள், நேரம், மைதான எண், கிளப் கோச்சின் தொலைபேசி எண். மொத்தம் எட்டு வரி. ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பாதீர்கள், அப்படி அனுப்பிய ஒரு பெண் போன கல்லூரியின் பெயரை மாற்ற மறந்துவிட்டாள், அந்தக் கதை எங்கள் அணியில் இன்னும் ஓடுகிறது.

வீடியோ மூன்று நான்கு நிமிடம் போதும். நல்ல காட்சிகள் முதல் முப்பது வினாடியில் வந்துவிட வேண்டும், ஒவ்வொரு காட்சியும் தொடங்கும்போது மகள் யார் என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். பாட்டு வேண்டாம். தற்காப்பில் ஆடும் பெண் என்றால் கோல்களைத் தேடி அலையாதீர்கள், பந்து வருவதற்கு முன் இரண்டு தோளையும் திரும்பிப் பார்க்கிறாளா என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. கூடவே ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பும் கொடுங்கள்.

படி 6: ஷோகேஸ், முகாம்

ஷோகேஸ் என்பது கோச்கள் பார்ப்பதற்காகவே நடத்தும் போட்டி. மடக்கு நாற்காலி, கையில் ஆட்டக்காரர் பட்டியல், கல்லூரிச் சின்னம் போட்ட சட்டை என்று ஓரக்கோட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இருபது நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள், அதை நினைத்து வருந்தாதீர்கள். ஒருமுறை மகள் பந்தை இழந்து, அதிலிருந்து எதிரணி கோல் போட்டது, எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அடுத்த நிமிடமே கையைத் தட்டி "எனக்குக் கொடு" என்று பந்தைக் கேட்டாள். அன்று இரவு பதில் எழுதிய கோச் குறிப்பிட்டது அந்த நிமிடத்தைத்தான். ஓரத்தில் நின்று நாம் கத்துவதும் அந்த நாற்காலிகளுக்குக் கேட்கும் என்பதை அப்பாக்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

கல்லூரிகள் நடத்தும் ஐ.டி. முகாம், அதாவது ஆட்டக்காரர்களை அடையாளம் காணும் பயிற்சி முகாம், வேறு. "உங்களைக் கவனித்துவருகிறோம், முகாமுக்கு வாருங்கள்" என்று கடிதம் வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். முகாம் அழைப்பை எந்த வயதுப் பிள்ளைக்கும் அனுப்ப விதி இடம் தருகிறது. ஒரு கல்லூரி முகாமுக்கு அப்படி நம்பி, கட்டணம் கட்டி, ஐந்து மணி நேரம் ஓட்டிப் போனோம். தலைமைக் கோச் காலையில் வணக்கம் சொன்னார், அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: கோச் மகளின் பெயரையும் ஆட்டத்தையும் குறிப்பிட்டுத் தனியாக எழுதியிருந்தால் மட்டும் போவது.

படி 7: ஜூன் 15

பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் டிவிஷன் 1 கோச் உங்கள் மகளோடு சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. 2019-இல் வந்த விதி இது, அதற்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்வார்த்தையாக இடம் உறுதி செய்துகொண்ட கூத்தெல்லாம் நடந்தது. பத்தாம் வகுப்பு முடிந்த அந்த ஆகஸ்ட் 1 முதல் மகள் கல்லூரி செலவில் நேரில் போய்ப் பார்க்கலாம். டிவிஷன் 3 கோச்கள் இதற்கு முன்பே பேசலாம்.

எங்கள் வீட்டில் அன்று நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் விழித்திருந்தோம். போன் அசையவில்லை. மறுநாள் மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என இரண்டு செய்திகள். முதல் நாளே வராவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை, பதினொன்றாம் வகுப்பு முழுவதும் இடங்கள் நிரம்பிக்கொண்டேதான் இருக்கும். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்த பிறகு, பதினெட்டு வயதுப் பெண்ணைவிட ஏற்கெனவே கல்லூரியில் ஆடிப் பழகிய இருபது வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற கோச்களும் உண்டு, அதனால் காத்திருப்பு சில சமயம் நீளும்.

படி 8: எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு

விளையாட்டு உதவித்தொகைக்குக் குடியுரிமை தேவையில்லை, எச்-4 (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது), எஃப்-1 (மாணவர் விசா) இரண்டிலும் வாங்கலாம். மத்திய அரசின் கல்வி உதவி எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையாது. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், அது கல்லூரியின் நடுவில் வரும் என்பதால் எஃப்-1-க்கு மாறுவது பற்றி முன்கூட்டியே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

படி 9: காகிதத்தில் வந்தால்தான் ஆஃபர்

கோச் போனில் சொல்வது, மகள் இன்ஸ்டாகிராமில் "கமிட்டட்" என்று போடுவது எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது. முன்பு, இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று மாணவி கையெழுத்துப் போடும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று ஒன்று இருந்தது, 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கல்லூரி தரும் நிதியுதவி ஒப்பந்தம்தான் எல்லாமே, கையெழுத்து பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில். அதற்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: தொகை டாலரில் எவ்வளவு, ஒரு வருடத்துக்கா நான்கு வருடத்துக்கா, கட்டணம் உயர்ந்தால் இதுவும் உயருமா, படிப்புக்கான உதவியோடு சேர்த்து வாங்கலாமா, முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு வருடம் ஆட முடியாமல் போனால் என்ன ஆகும், கோச் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் என்ன ஆகும்?

கடைசி இரண்டு கேள்வியை எங்களோடு பேசிக்கொண்டிருந்த மூன்று கோச்களுக்கும் மகள் அனுப்பினாள். ஒருவர் நீளமாக எழுதி எதையும் சொல்லவில்லை. ஒருவர் பதிலே போடவில்லை. டிவிஷன் 3 கோச் இரண்டே வரி எழுதினார்: "உன் பணம் என் கையில் இல்லை, அலுவலகத்திடம் இருக்கிறது. ஆடினாலும் ஆடாவிட்டாலும் அது உன்னோடே இருக்கும்." மகள் இப்போது அங்கேதான் படிக்கிறாள், இடது பேக்.