நன்கொடைக்காக நடத்தும் வியாபாரப் போட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணிக்கு ஆயிரம் ரூபாய் கைமுதல் கொடுத்து, ஒரு நாளோ ஒரு வாரமோ வியாபாரம் செய்யவிட்டு, வரும் லாபத்தை ஒரு காப்பகத்துக்கோ ஒருவரின் சிகிச்சைக்கோ கொடுக்கும் போட்டி நம் கல்லூரிகளில் இப்போது நிறைய நடக்கிறது. ஈ-செல் எனப்படும் தொழில்முனைவு மன்ற மாணவர்கள் திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு யோசனை கேட்க வருவார்கள். வாங்கிப் படித்தால், இதை நடத்தத் தொடங்கிய காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள் வரிசையாக இருக்கின்றன. மைக் வேலை செய்யவில்லை, மழை வந்துவிட்டது போன்றவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை, அவை தானாகவே பாடம் சொல்லிவிடும். யாரும் சொல்லாவிட்டால் வருடக்கணக்கில் தொடர்பவை மட்டும் இங்கே.

வசூலை லாபம் என்று அறிவிப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைப்பது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கல்லூரியில் மாலை ஐந்து மணிக்குக் கடைகளை மூடினார்கள். ஆறு மணிக்கு மேடை, சிறப்பு விருந்தினர், தெர்மாகோலில் செய்த பெரிய காசோலை. அதில் எழுதியிருந்த தொகை ஒன்றே முக்கால் லட்சம். கைதட்டல் ஓயவே இல்லை. மறுநாளிலிருந்து பில்கள் வரத் தொடங்கின. ஷாமியானா, சவுண்ட் செட், கூப்பன் அச்சடித்தது, பிரியாணி மாஸ்டர் சம்பளம், மளிகைக் கடைக் கடன், அணிகளுக்குக் கொடுத்த கைமுதல். எல்லாம் போக மிஞ்சியது எழுபதாயிரத்துக்கும் குறைவு. இதற்குள் காப்பகத்தை நடத்துபவர், மேடையில் கேட்ட தொகையை நம்பி, கூரை வேலைக்கு ஆள் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். “சார், மீதி எப்போ வரும்?” என்று அவர் மரியாதையாகக் கேட்டார். அங்கிருந்த யாரிடமும் பதில் இல்லை. மாணவர்கள் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. கணக்கு முடியும் முன்பே மேடையைப் போட்டதுதான் தவறு. ஆனால் அந்தத் தவறின் சுமை போய் விழுந்தது எவருக்காகப் போட்டி நடத்தினார்களோ அவர் தலையில்.

இதன் இன்னொரு முகம், அதிக வசூல் செய்த அணிக்கே முதல் பரிசு என்ற விதி. இந்த விதியை வைத்த நிமிடமே போட்டி வியாபாரத் திறமைக்கானது இல்லை, அப்பாவின் பர்ஸுக்கானது என்று ஆகிவிடுகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அணி மட்டன் பிரியாணி போடுகிறது. பிளேட் 150 ரூபாய், 120 பிளேட், வசூல் 18,000. மட்டன் 15 கிலோ, கிலோ 800 என்று வைத்தால் 12,000. அரிசி, எண்ணெய், மசாலா எல்லாம் 3,500. மாஸ்டருக்கு 2,000. மொத்தச் செலவு 17,500, உண்மையான லாபம் 500. ஆனால் மட்டனும் மளிகையும் ஒரு மாணவரின் அப்பா கொடுத்தது. அதனால் கணக்குத் தாளில் செலவு 2,000 மட்டும் இருக்கும், லாபம் 16,000 என்று காட்டும். பக்கத்து அணி மருதாணி வைக்கிறது. முப்பது கோன், கோன் 25 ரூபாய், செலவு 750. ஒரு கைக்குச் சராசரியாக 40 ரூபாய், 110 கைகள், வசூல் 4,400, லாபம் 3,650. காலையிலிருந்து குனிந்து உட்கார்ந்து, வரிசையைச் சமாளித்து, சின்ன டிசைனுக்கு ஒரு விலை, பெரிய டிசைனுக்கு ஒரு விலை என்று மதியத்துக்குள் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். கோப்பை பிரியாணிக்குப் போகிறது. அடுத்த வருடம் எல்லா அணியும் வீட்டில் போய் நிற்கிறது. வீட்டில் வசதி இல்லாத பிள்ளைகள் சேரவே தயங்குகிறார்கள்.

பிரிட்டன் பள்ளிகளில் யங் என்டர்பிரைஸ் அமைப்பு நடத்திவந்த ‘டென்னர்’ போட்டியில் பத்து பவுண்டு கைமுதல். போட்டி முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அசல் திரும்பி வந்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம் என்பது அந்த ஒரு விதியிலேயே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். நம் ஊரில் நடத்துபவர்கள் பலர் இந்த விதியைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? வீட்டிலிருந்து வந்த பொருளாக இருந்தாலும் கடை விலையில் செலவாக எழுத வைக்க வேண்டும். வீட்டு சிலிண்டருக்கும் பாத்திர வாடகைக்கும்கூட ஒரு தொகை போட வேண்டும். மாணவர்களின் சொந்த உழைப்புக்கு மட்டும் சம்பளம் போட வேண்டாம், அது எல்லா அணிக்கும் பொது. மட்டனும் மளிகையும் கொடுத்த அப்பாவின் 15,500 ரூபாய் எங்கே போகும்? நன்கொடை என்று தனி வரியில் போகும். காப்பகத்துக்கு அந்தப் பணமும் முழுதாகச் சேரும், அவருக்கு மேடையில் நன்றியும் சொல்லலாம். அணியின் லாபத்தில் மட்டும் அதைச் சேர்க்கக் கூடாது. ஷாமியானா, சவுண்ட் செட் போன்ற பொதுச் செலவுக்குப் போட்டிக்கு முன்பே யாராவது ஒரு புரவலரைப் பிடித்துவிடுங்கள். அது லாபத்தைத் தின்னும் முதல் வாய்.

அப்புறம், அன்று மாலையே தொகை அறிவிக்காதீர்கள். ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் வைக்காத அணிக்கு மதிப்பெண் இல்லை என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வாரத்தில் உற்சாகம் வடிந்துவிடும் என்று விழாக் குழு சண்டைக்கு வரும். வரட்டும். போட்டி நாளில் சுவையான கடை, அழகான கடை என்று சின்னப் பரிசுகள் கொடுத்து மேடையை நடத்துங்கள், தொகை மட்டும் காத்திருக்கட்டும்.

மாணவரின் சொந்த ஜிபே

கடைக்கு முன்னால் ஒரு மாணவியின் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கும். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் பணம் அவர் கணக்கில் விழும். நடுவில் அம்மா அனுப்பிய மெஸ் பணமும் வரும். மாலையில் எது எவருடையது என்று பிரிப்பதற்குள் அழுகை வந்துவிடும். வந்த பணத்தில் ஏதோ ஒன்று சைபர் குற்றப் புகாரில் சிக்கிய பணமாக இருந்தால், வங்கி அந்த மாணவியின் கணக்கையே முடக்கிவிடலாம்.

ஒரே கவுன்ட்டரில் கூப்பன் விற்று, பணத்தைக் கல்லூரிக் கணக்கில் வாங்குங்கள். கடைகள் கூப்பன் மட்டும் வாங்கட்டும். மாலையில் கூப்பனை எண்ணினால் அணியின் வசூல் தெரிந்துவிடும். செலவாகாத கூப்பனுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா, நன்கொடையில் சேருமா என்பதைக் கூப்பனிலேயே அச்சடியுங்கள்.

குலுக்கல் பரிசு

வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கிப் பரிசு கொடுப்பதற்கு எதிராக 1979இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. நல்ல காரியம்தானே என்பது பதில் ஆகாது.

எல்லோரும் பஜ்ஜி போடுவது

உணவுக் கடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இதற்கு விதி போடாவிட்டால் இருபது கடையில் பதினைந்தில் எண்ணெய்ச் சட்டி இருக்கும், கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லோரும் பாதி விலைக்கு விற்பார்கள். பொருளே இல்லாத வியாபாரத்தையும் யோசிக்கச் சொல்லுங்கள். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் டீனா சீலிக் மாணவர்களுக்கு ஐந்து டாலரும் இரண்டு மணி நேரமும் கொடுத்து இப்படி ஒரு பயிற்சி நடத்தினார். அதிகம் சம்பாதித்த அணி அந்த ஐந்து டாலரைத் தொடவே இல்லை. வகுப்பில் தங்கள் முறைக்குக் கிடைத்த மூன்று நிமிடத்தை, அங்கே ஆள் எடுக்க நினைத்த ஒரு நிறுவனத்துக்கு 650 டாலருக்கு விற்றுவிட்டது. நம் மாணவர்களிடமும் ரெஸ்யூமே திருத்துவது, பைக் கழுவுவது, தாத்தா பாட்டிக்கு ஸ்மார்ட்போன் கற்றுக்கொடுப்பது என்று நிறைய வரும், கேட்டால்தான் வரும்.

பிளாஸ்டிக் கப்

2019 ஜனவரி 1 முதல் தடை. பாக்குமட்டை, வாழையிலை.

வாங்கியவருக்கெல்லாம் நன்கொடை வரிச்சலுகை (80ஜி) ரசீது

பஜ்ஜி வாங்கியவர் பொருள் வாங்கியவர், நன்கொடையாளர் அல்ல. வரிவிலக்கு உண்டு என்று போஸ்டரில் போடாதீர்கள். கைம்மாறு எதுவும் வாங்காமல் தனியாக நன்கொடை கொடுப்பவருக்குத்தான் அந்தப் பேச்சே. அவரை நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். காப்பகத்தின் பெயர் ஒன்றாகவும், அதை நடத்தும் பதிவு பெற்ற அறக்கட்டளையின் பெயர் வேறாகவும் இருக்கலாம். காசோலை எழுதும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகளை மேடை ஏற்றுவது

செய்யவே கூடாது. இல்லக் குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து, காசோலையைப் பிடிக்க வைத்து, படத்தை இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதற்கு இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆவது பிரிவில் சிறைத் தண்டனை வரை உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும், நாளை அந்தக் குழந்தை இதே கல்லூரியில் வந்து சேரும்போது அந்தப் படம் இணையத்தில் இருக்கக் கூடாது. இல்லத்தை நடத்துபவர் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டால் போதும்.

கைமுதலைச் சேர்த்துக் கொடுத்துவிடுவது

திரும்பி வந்த கைமுதலையும் உணர்ச்சிவசப்பட்டு நன்கொடையில் சேர்த்துவிடுகிறார்கள். அடுத்த வருடக் குழு மறுபடி துறைத் தலைவரிடம் போய்க் கையேந்தும். அந்தப் பணத்தைக் கல்லூரிக் கணக்கில் தனித் தலைப்பில் வையுங்கள். அறக்கட்டளையின் ரசீதையும் ஒரு பக்க வரவு செலவையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது, கையிருப்பு எவ்வளவு என்று கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.